பாதி ரேடியோ

சூடேறிய கரப்பான் எச்சத்துக்கென்று ஒரு வாடை உண்டு. காறிப்போன எண்ணெயும், ஈரம் காயாமல் மடித்து வைத்த பனியன் துணியும், பொசுங்கிய மயிரும் ஒன்றாகக் கலந்தாற்போல இருக்கும். மூக்கில் ஏறியவுடன் நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறும், ஆனால் அதை விழுங்க மனம் வராது. போன மாதம் என் மேசைமேல் ஒரு பழைய வால்வு ரேடியோவின் பின்பலகையைக் கழற்றியபோது அந்த வாடை வந்தது. கையுறை போட்டிருந்தேன், முகக்கவசம் போட்டிருந்தேன், ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், அப்படியும் வந்தது. வந்த வேகத்தில் நான் பத்து வயதுப் பெண்ணாகி, மங்கலம் சாலையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், வெள்ளை பனியன் பீஸ்கள் அடுக்கியிருந்த கட்டிங் டேபிளின் ஓரமாக, கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழைய ரேடியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் மரப் பளபளப்பையும் குமிழைத் திருகும்போது மிதந்து வந்த குரல்களையும் எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வராது. எங்கள் வீட்டு ரேடியோவை அந்த வயதில் நான் கேட்டதே இல்லை; அதன் உள்ளேதான் பார்த்திருக்கிறேன். பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட முடியும், ஏனென்றால் அருவருப்பாக இருந்த எதையும் என் மனம் தொலைத்ததில்லை.

அப்பா அப்போது ஒரு "பவர் டேபிள்" வைத்திருந்தார். பெரிய கம்பெனிகள் கொடுக்கும் துணியை வாங்கி வெட்டித் தைத்துக் கொடுக்கிற சிறிய தையல் கூடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கீழே மெசின்கள் ஓடின, மேலே நாங்கள் குடியிருந்தோம், இரண்டுக்கும் நடுவே மாடிப்படிக்கு மேலிருந்த "அட்டாலி" என்கிற பரணில், உடைந்த மின்விசிறிகளுக்கும் காலி நூல் கோன்களுக்கும் பின்னால், அந்த ரேடியோ கிடந்தது. தேக்குப் பலகை அடித்த பெட்டி. முன்பக்கம் தங்கநிற இழை ஓடிய துணி. அதற்குக் கீழே ஊர்ப் பெயர்கள் வரிசையாக எழுதிய நீளக் கண்ணாடி. மூலையில், நிலையம் சரியாகப் பிடித்தால் பச்சையாகச் சுருங்குமாம், கண் போன்ற ஒரு விளக்கு.

அது அப்பாவின் ரேடியோ இல்லை, அவருடைய அக்காவின் ரேடியோ. என் அத்தை கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் வாங்கியது. கம்பெனி விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் குமிழைத் திருகிவிட்டு, வாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு திரும்பி வரும்போது ரேடியோ பேச ஆரம்பித்திருக்கும் என்று அத்தை சொல்வாள். வால்வுகள் சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும். கொமரலிங்கத்தில் வாழ்க்கைப்பட்டபோது அத்தை அதைத் தன்னோடு கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அங்கே தோட்டத்து வீட்டில் கரண்ட் இல்லை, வந்ததும் அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். கரண்ட் வந்தது, வயதானவர், என் தாத்தா, செய்தி கேட்கிறார், அவர் காலம் போகட்டும் என்றார்கள். அதுவும் போனது, இப்போது அது ரிப்பேர் என்றார்கள். இப்படி ஒவ்வொரு காரணமாக மேலே அடுக்கி, கடைசியில் ரேடியோவையும் தூக்கி அட்டாலியில் போட்டுவிட்டார்கள்.

அத்தை தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த அன்று நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"தாய்மாமன் சீரு என்ன வெக்கோணும், சொல்லுங்கக்கா. பீரோவா, கட்டிலா? கொமரலிங்கமே வாயப் பொளந்து பாக்கோணும்."

"ஒண்ணும் வேண்டாந் தம்பி. எம்பட ரேடியோவக் குடு, போதும்."

அப்பா சிரித்துவிட்டார். "அது ஓடாதுங்கக்கா."

"ஓட வெச்சுக் குடு. நான் உட்டுட்டுப் போறப்ப ஓடிட்டுத்தான இருந்துது?"

அத்தை குரலை உயர்த்தவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனாள். அப்பாவோ அன்று மாலைக்குள் ஒரு யோசனையில் விழுந்துவிட்டார். ரேடியோவையே சீராக வைத்துவிட்டால் என்ன?

"எக்ஸ்போர்ட்காரங்க ரிசப்ஷன்ல எல்லாம் இப்ப இந்த மாதிரிப் பெட்டியத்தான் வெக்கறாங்க. வெளிநாட்டு பையர் வந்தா பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சுக்கறான். பீரோ ஆரு வேணும்னாலும் வெப்பாங்க. இது நம்மாலதான் முடியும்," என்றார் அம்மாவிடம்.

"ஏனுங்க, அது அவங்களோடதுதானுங்களே? அவங்க சாமானத்த அவங்களுக்கே எப்பிடிங்க சீரா வெக்கறது?"

"உனக்கொண்ணும் தெரியாது, போ."

என் நினைவில் அந்தக் கோடை விடுமுறையின் தொடக்கம் அதுதான். ரேடியோவை அட்டாலியிலிருந்து இறக்க அப்பாவோடு மெசின் மெக்கானிக் பழனிச்சாமியண்ணனும் சேர வேண்டியிருந்தது. ஏணியில் ஒருவரும் தரையில் ஒருவருமாகப் பிடித்து, "பாத்து பாத்து" என்று கத்திக்கொண்டு, பிரசவ வலி வந்தவளை வண்டியேற்றுகிற மாதிரி இறக்கினார்கள். அடியில் கல்லைக் கட்டியது போல அப்படியொரு கனம். கட்டிங் டேபிளின் ஒரு மூலையை ஒதுக்கி அதில் வைத்தார்கள். மறு மூலையில் அடுத்த நாள் கம்பெனிக்குப் போக வேண்டிய வெள்ளைப் பீஸ்கள் இருந்தன. இதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் யோசிக்கவில்லை.

பழனிச்சாமியண்ணன் துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெசின்களுக்கு மெக்கானிக். திருப்பூரில் ஓடாத எதுவும் அவருக்குத் தையல் மெசின்தான். பின்பலகையைக் கழற்றி எடுத்தார். நான் டார்ச் அடித்தேன். கருவேப்பிலை வடகத்தை நொறுக்கிப் போட்டது போல அடி முழுக்கக் கரப்பான் எச்சம். அதன்மேல் உரித்துப் போட்ட தோல்கள், காற்றுப் பட்டால் நடக்கிற மாதிரி நகர்ந்தன. மரத்தின் மூட்டுகளிலெல்லாம் பழுப்பு அவரைக்கொட்டைகளாக முட்டைப் பைகள் ஒட்டியிருந்தன. ஒரு வால்வைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பல்லி செத்து, தோல் வாராகக் காய்ந்திருந்தது. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. கட்டியது எங்கள் கூடத்துக் கட்டிங் "வேஸ்ட்"டை, வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை, கடித்துக் கொண்டுபோய். வெள்ளை, ஆகாய நீலம், ராணி ரோஸ் என்று அடுக்கடுக்காக இருந்த அந்தக் கூட்டைப் பார்த்தே எந்த வருஷம் எந்த நிறம் ஓடியது என்று சொல்லிவிடலாம். அதன் நடுவே, மூத்திரம் ஊறிய மஞ்சள் குழிவில், ரோமம் முளைக்காத ஏதோ ஒன்று காய்ந்து கிடந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

மெக்கானிக் தனக்குப் பழகியதைச் செய்தார். ஓவர்லாக் மெசினில் பஞ்சு அடைத்துக்கொண்டால் கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதுவது வழக்கம். அந்தக் குழாயை எடுத்து, ரேடியோவின் வயிற்றுக்குள் நீட்டி, ஒரே அடியாக அடித்தார்.

நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம். தலையில், காதில், சட்டைக்குள், கண்ணிமைக்குக் கீழே எல்லாம் எது எது ஒட்டியது என்று மட்டும் எனக்கு இன்றும் தனித்தனியாகத் தெரியும். அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சிகைக்காய் போட்டுத் தேய்த்துவிட்டு, திரும்பிக் கூட்டி வரும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஏனுங்க பழனிச்சாமி, உள்ள இருந்ததப் பூராப் புள்ள மேல ஏத்திட்டீங்களே, இனி இவளத்தான் சீரு வெக்கோணுமுங்க!"

அண்ணன் வெட்கப்பட்டாரே ஒழிய நிறுத்தவில்லை. அடுத்தது "ஒயிட் ஆயில்". தையல் மெசின்களுக்குப் போடுகிற அந்த எண்ணெயை, "சுத்தற எடத்துக்கெல்லாம் ஆயில் வேணுமுங்க" என்று சொல்லிக்கொண்டே, குமிழ்களின் தண்டில், நூல் ஓடும் சக்கரத்தில், ஒன்றின் மேல் ஒன்று உரசாமல் சுழல வேண்டிய மெல்லிய அலுமினியத் தகடுகளில் என்று எல்லா இடத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டார். நிலையம் காட்டும் முள்ளை இழுக்கிற நூல் எண்ணெயில் வழுக்கி நின்றுபோனது. இன்று எனக்குத் தெரியும், அந்தத் தகடுகளுக்கிடையே காற்றுதான் இருக்க வேண்டும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெயில் நனைந்த எச்சம் குழம்பாகிவிட்டது என்பதுதான்.

பிறகு பிளக்கைச் செருகினார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஓர் உறுமல். மெல்ல வால்வுகள் சிவந்தன. பச்சைக் கண் விழித்தது. அதைப் பார்த்து அப்பா கை தட்டினார். அந்தச் சூட்டுக்குத்தான் அவை காத்திருந்தன போலும், காற்று அடித்தும் வெளியே வராமல் மரத்தின் இடுக்குகளில் பதுங்கியிருந்த உயிருள்ள கரப்பான்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பின. துணிக்குப் பின்னாலிருந்தும், கண்ணாடிக்கு மேலிருந்தும், குமிழ்களின் ஓரத்திலிருந்தும் பெருகி, எண்ணெய்க் காலோடு, கட்டிங் டேபிளின் மறு மூலையில் இருந்த வெள்ளைப் பீஸ்களின் மேல் ஏறி ஓடின. மெசின்காரர்கள் எழுந்து செருப்பைக் கழற்றினார்கள். வெள்ளைத் துணிமேல் கரப்பானைச் செருப்பால் அடித்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கூடத்தில் யாரும் அடிப்பதற்கு முன்னால் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குள் ரேடியோவிலிருந்து புகை வந்தது. அப்பா பிளக்கைப் பிடுங்கினார்.

கறை பட்ட பீஸ்களைக் காப்பாற்ற முத்துலட்சுமியக்காவைக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்த அக்கா கறை எடுப்பதில் கெட்டிக்காரி. "ஸ்பாட் கன்" என்று ஒரு சின்னத் துப்பாக்கி. அதில் கறை கரைக்கிற மருந்தை நிரப்பி, துணியில் எண்ணெய் பட்ட இடத்தைக் குறிபார்த்து அடித்தால் கறை கரைந்து மறைந்துவிடும். அன்று மாலை முழுக்க அக்கா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கரப்பான் கறையை அடித்தாள். "எத்தனையோ கறை எடுத்திருக்கேன் அண்ணாச்சி, குடல எடுக்கது இதான் மொத தடவ," என்றாள். பீஸ்கள் பளிச்சென்று வந்துவிட்டன. அதைப் பார்த்த அப்பாவுக்கு இன்னொரு யோசனை.

"முத்துலட்சுமி, அப்பிடியே அந்த ரேடியோ கண்ணாடியவும் ஒரு அடி அடிச்சு உட்டுருங்க. சீருக்குப் போறது, கண்ணாட்டம் இருக்கோணும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி வாங்கி, இரண்டு பக்கமும் அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"கறையெல்லாம் போயிட்டு அண்ணாச்சி," என்றாள். "கூடவே எழுத்தும் போயிட்டு."

கண்ணாடியின் பின்புறம் மையால் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயர்கள் அத்தனையும் அவள் கையிலிருந்த வேஸ்ட்டில் ஒரு மஞ்சள் திட்டாக இருந்தன.

இவ்வளவுக்குப் பிறகாவது அப்பா அத்தையிடம் போன் செய்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு நாள் நெருங்கியிருந்தது, சீரில் ரேடியோ வருகிறது என்று கொமரலிங்கம் வரை சொல்லியும் ஆயிற்று. ஆகவே அவர் வேறொன்று செய்தார். உள்ளேயிருந்த இரும்புச் சட்டம், வால்வுகள், டிரான்ஸ்பார்மர், பெரிய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டார். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எப்.எம். போர்டையும் சின்ன ஸ்பீக்கரையும் பசையால் ஒட்டினார். பெட்டியை அசைத்தால் கடகடவென்று சத்தம் வந்தது. சத்தம் வராமலிருக்க, எலி செய்ததையே அவரும் செய்தார்: பனியன் வேஸ்ட்டைக் கை கையாக அள்ளி உள்ளே அடைத்தார். வெளியே மூன்று தடவை வார்னிஷ் ஓடியது. வார்னிஷுக்கு அடியில் கரப்பானின் ஒரு கால் அப்படியே ஒட்டி, பூச்சோடு பூச்சாகப் பளபளத்துக்கொண்டிருந்ததை நான் காட்டினேன். "அது மரத்துல இருக்கற கோடு கண்ணு," என்றார் அப்பா.

கடைசியாக, எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் போய் ஒரு பித்தளைத் தகட்டில் "தாய்மாமன் அன்புச் சீர்" என்று வெட்டி, கீழே தன் பெயரையும் பெரிதாக வெட்டி வாங்கி வந்து, கண்ணாடிக்கு அடியில், பார்க்கிறவர் கண் முதலில் விழுகிற இடத்தில், திருகாணி போட்டு முடுக்கினார்.

அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "செகண்ட்ஸ் பீஸ மடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, பர்ஸ்ட் குவாலிட்டின்னு பெட்டில போட்டிருக்கறீங்க. கம்பெனிக்காரன் பாத்தா திருப்பி அனுப்பிருவானுங்க."

"அக்கா என்ன செக்கிங் மேஸ்திரியா?" என்றார் அப்பா.

கல்யாண மண்டபத்துக்கு மேளத்தோடு சீர் போனது. பழத்தட்டு, பட்டுப்புடவை, பாத்திரம் எல்லாம் ஆட்கள் தூக்கி வர, ரேடியோவை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்காமல் தானே தோளில் வைத்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வீசி நடந்தார். மணமேடைக்குப் பக்கத்தில் மைக் பிடித்திருந்தவர் ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருந்தார். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அத்தை, அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைக் கையையே பார்த்தாள்.

"ரெண்டாளு தூக்கற பெட்டி தம்பி அது," என்றாள்.

அப்பா சிரித்து மழுப்பிக்கொண்டு ரேடியோவை மேசைமேல் வைத்தார். அத்தை ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்துவிட்டு வந்து, இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். பெரிய கனத்துக்குத் தயாராகி மூச்சைப் பிடித்துத் தூக்கியதில், ரேடியோ அவள் நெஞ்சுக்கு மேலே எகிறி வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு தகட்டைப் படித்தாள். மெதுவாகக் கீழே வைத்தாள். பின்னால் போய்ப் பலகையின் கொக்கிகளை நீக்கினாள். எந்தக் கொக்கியை முதலில் நீக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. உள்ளே கையை விட்டு இழுத்தாள். வெள்ளை வேஸ்ட் வந்தது. இன்னும் இழுத்தாள். நீலம் வந்தது, ரோஸ் வந்தது, ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு வெளியே வந்து மேசையிலிருந்து தரைக்குத் தொங்கிற்று. மேளக்காரர்கள் தாமாக நிறுத்திவிட்டார்கள்.

மைக் பிடித்திருந்தவர் தன் வேலையைப் பார்த்தார். "தாய்மாமன் வழங்கும் பழமை வாய்ந்த ரேடியோ ஒன்று..."

"அது வேண்டாமுங்க சாமி," என்றாள் அத்தை, அவர் பக்கம் திரும்பி, அவ்வளவு மரியாதையாக. "அதச் சீர்ல சேத்தாதீங்க. அது எம்பட சொந்தச் சாமானமுங்க. பனியன் மடிச்சு வாங்கினது. தம்பி ஊட்டுல இருந்துது, இப்பத்தான் வந்திருக்குது. அவ்வளவுதானுங்க." பக்கத்தில் நின்றதால் அத்தனையும் மைக்கில் கேட்டது. பிறகு அப்பாவிடம், அதே குரலில்: "பாதிய எங்க தம்பி?"

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். பாதிய எங்க?"

"கெட்டுப்போச்சுங்கக்கா. எடைக்குப் போட்டாச்சு."

அத்தை வேஸ்ட்டையெல்லாம் சுருட்டி உள்ளே திணித்து, பலகையை மூடி, கொக்கியை மாட்டினாள். "அப்ப இது உன்ற ஊட்டுலயே இருக்கட்டும். அந்தப் பாதி வந்தப்பறம் நான் வாங்கிக்கறேன்," என்றாள், சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கை குவித்து, "வாங்க, எல்லாரும் வாங்க, சாப்பிடப் போலாமுங்க," என்றாள்.

திரும்பி வரும்போது வேனில் ரேடியோ என் மடியில் இருந்தது. பத்து வயதுப் பெண் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது லேசாகியிருந்தது. புது வார்னிஷ் வாடைக்கு அடியிலிருந்து பழைய வாடை வந்துகொண்டேயிருந்தது. அப்பா வழி முழுக்க, "ஊரறியத் தலகுனிய வெச்சுட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வாந்தி வந்தது. வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெட்டி எங்கள் கூடத்தில்தான் கிடந்தது. லேபிள் கட்டுகளும் உடைந்த ஊசிகளும் அதற்குள் போயின. முத்துலட்சுமியக்கா தன் ஸ்பாட் கன்னை அதன் தலைமேல் வைத்தாள். வடக்கத்திப் பையன்கள் வேலைக்கு வந்த காலத்தில் அவர்களுடைய செல்போன்கள் அதன்மேல் வரிசையாகக் கிடந்து சார்ஜ் ஏறின. பித்தளைத் தகட்டை மட்டும் அப்பா ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் துலக்கிச் சந்தனம் வைத்தார். அத்தை எந்த விசேஷத்துக்கு வந்தாலும் எங்களையெல்லாம் நலம் விசாரித்துவிட்டு, பெட்டியை ஒரு பார்வை பார்த்து, "பாதி கெடச்சுதா தம்பி?" என்பாள். அப்பா ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ ஒரு வேலையை நினைத்துக்கொண்டு எழுந்து போவார்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். இப்போது நிட்டிங் மெசின்களின் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கிற வேலை. போன வருஷம் அத்தைக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. இனிமேல் பஸ் ஏறி வந்து அந்தக் கேள்வியைக் கேட்க அவளால் முடியாது என்பது எனக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது. கேட்பவள் வராவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதி வேண்டாமென்று நான் ரேடியோவின் மறுபாதியைத் தேட ஆரம்பித்தேன்.

கோவையில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் அதே வகை ரேடியோ ஒன்று, மழையில் பெட்டி உளுத்துப்போய், உள்பாகம் மட்டும் தேறும் நிலையில் கிடைத்தது. அதன் பின்பலகையைத் திறந்தபோதுதான் முதலில் சொன்ன வாடை. காற்று அடிக்கவில்லை. தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டேன்: எச்சம், தோல், முட்டைப் பைகள், யாருடைய வீட்டுப் பல்லியோ ஒன்று. காய்ந்துபோன கண்டென்ஸர்களை மாற்றினேன். டிரான்ஸ்பார்மர் நன்றாக இருந்தது. ஒரு வால்வு மட்டும் செத்திருந்தது, தேடி வாங்கினேன். முள்ளுக்குப் புது நூல் கோத்தேன். எங்கள் பெட்டியிலிருந்து பித்தளைத் தகட்டைக் கழற்றினேன்; எப்.எம். போர்டைப் பெயர்த்தபோது பசையோடு ஒரு சதை மாதிரி உரிந்து வந்தது. அடைத்திருந்த வேஸ்ட்டை எடுக்க எடுக்க வந்தது; அதன் மடிப்புகளுக்குள் கரப்பான்கள் பல தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன. ஒன்று சொல்ல வேண்டும். கரப்பான்கள் அந்த ரேடியோவில் குடியிருந்தன, பேண்டன, செத்தன. ஒருநாளும் அதில் தங்கள் பெயரை வெட்டி ஒட்டவில்லை.

கண்ணாடி மட்டும் எழுத்தில்லாமலே இருக்கிறது. அந்த இன்னொரு ரேடியோவில் கண்ணாடியே இல்லை.

பச்சைக் கண் விழித்த அன்று அப்பா என் மேசைக்கு வந்து பார்த்தார். அவருக்கு வயதாகிவிட்டது, மெசின்களை விற்றாயிற்று, கீழ்த்தளம் இப்போது ஒரு அட்டைப்பெட்டிக் கடைக்கு குடோனாக விடப்பட்டிருக்கிறது. ரேடியோவைச் சுற்றிச் சுற்றி வந்து தடவினார். "நல்லாப் பண்ணிருக்க கண்ணு," என்றார். பிறகு திருகாணி எடுத்த இடத்தை விரலால் தேய்த்தார். "அந்தத் தகட்ட மறுபடியும் வெச்சுரு. சீருன்னு குடுத்ததுதான? பேரில்லாமப் போனா நல்லாருக்காது."

இத்தனை வருஷத்தில் அவர் எதைப் புரிந்துகொண்டிருப்பார் என்று நான் எதிர்பார்த்தேனோ தெரியாது. தகட்டைப் பழைய சர்க்யூட் போர்டுகள் போடுகிற கழிவு டப்பாவில் போட்டு, மூடியை மூடினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கம் போனேன். காரிலிருந்து ரேடியோவை இறக்க அத்தையின் மருமகனும் நானும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு வந்த அத்தை, மேசைமேல் வைத்த ரேடியோவின் குமிழைத் தொடவில்லை, பெட்டியைத் துடைக்கவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு பக்கத்து அடியில் கையைக் கொடுத்து நெம்பினாள். பெட்டி அசையவில்லை.

"கனமாத்தான் இருக்குது," என்றாள். "அந்தப் பாதியா அம்மிணி இது?"

"இல்லீங்கத்தை. அது போனது போனதுதானுங்க. இது வேற ஒரு ரேடியோவோட பாதி. கண்ணாடில எழுத்தும் வரலீங்க."

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். "சரி. வேறதுன்னு சொல்லித்தான குடுக்கற," என்றாள். "அப்ப வாங்கிக்கறேன்."

குமிழைத் திருகினாள். உள்ளே எதுவும் கேட்கவில்லை. அவள் காத்துக்கொண்டு நிற்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு, வாசல் குழாயடிக்குப் போய், ஒரு கையால் சுவரைப் பிடித்து, இரண்டு காலையும் நிதானமாகக் கழுவினாள். திரும்பி வரும்போது ரேடியோ பேச ஆரம்பித்திருந்தது; யாரோ உர மூட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தை எழுத்தில்லாத கண்ணாடியைப் பார்த்து முள்ளை நகர்த்தி, கண்ணாடியின் வலது பக்கம் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினாள். அங்கே வெறும் இரைச்சல். "இங்கதான் இருந்துது," என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கேட்ட, கடல் தாண்டி வந்துகொண்டிருந்த நிலையம் அந்த இடத்தில் இல்லாமல் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, முள்ளைத் திரும்பவும் உர மூட்டைக்கே கொண்டுவந்தாள்.

அப்போது அவள் விரல் கண்ணாடிக்கு அடியிலிருந்த துளைகளில் பட்டது.

"இதென்ன ஓட்டை?"

"அப்பா பேரு இருந்த எடமுங்க. மரத்தூள் மக்கு வெச்சு அடச்சு, மேல பாலிஷ் போட்டுர்றேங்கத்தை. அடுத்த வாரம் வர்றேன்."

"அடைக்காத கண்ணு," என்றாள் அத்தை. வால்வுகள் சூடேறி, மரத்திலிருந்து மெல்ல அந்த வாடை கிளம்பத் தொடங்கியிருந்தது. எவ்வளவு துடைத்தும் போகாத அதை அவளும் முகர்ந்திருக்க வேண்டும், மூக்கைச் சுளித்தாள். "கரப்பானுக்கும் வந்துபோக வழி வேணுமல்லோ?"